நச்சு குறைந்த யுவி இங்க்ஜெட் மை: எந்த மோனோமரைத் தேர்வது?

யுவி இங்க்ஜெட் அச்சில் உலர்தல் என்று எதுவும் நடப்பதில்லை. பிரிண்ட் ஹெட்டிலிருந்து துளித்துளியாக விழும் மை, புற ஊதா விளக்கின் கீழ் கடந்துபோகும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில், ஆவியாகாமல் அப்படியே கெட்டிப்பட்டுப் படலமாகிவிடுகிறது. கரைப்பான் இல்லை, காற்றில் கலக்கும் ஆவி மிகக் குறைவு என்பதால் இந்த மைகள் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று சொல்லி விற்கப்படுகின்றன. அதில் உண்மையும் உண்டு. ஆனால் கெட்டிப்படுவதற்கு முன் அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி இந்தப் பேச்சில் அமுங்கிவிடுகிறது. மையின் எடையில் பெரும்பகுதி, பல கலவைகளில் 60 முதல் 90 சதவீதம் வரை, மோனோமர் எனப்படும் சிறு மூலக்கூறுகள்தாம். ஒன்றோடொன்று பிணையக் காத்திருக்கும் அந்த மூலக்கூறுகள், தோலில் உள்ள புரதத்தைச் சந்தித்தாலும் அதே வேகத்தோடுதான் பிணைகின்றன. அந்தப் பிணைப்பை உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியப் பொருளாக அடையாளம் கண்டுகொள்ளும்போது ஒவ்வாமை தொடங்குகிறது.

சிறு அளவில் மை கலக்கும் தொழிற்கூடத்திலும், மையை வாங்கிப் பயன்படுத்தும் அச்சகத்திலும், பழைய கலவையைக் கைவிட்டுப் பாதுகாப்பான ஒன்றுக்கு மாற வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சந்தையில் "நச்சு குறைந்தது" என்ற அடைமொழியோடு ஐந்தாறு வகை மோனோமர்கள் கிடைக்கின்றன. அவை எல்லாம் ஒரே பொருளில் நச்சு குறைந்தவை அல்ல. மையைக் கையாளும் தொழிலாளிக்கு எது குறைந்த தீங்கோ அதுவே, அச்சிட்ட பொட்டலத்திலிருந்து உணவை எடுத்துச் சாப்பிடும் குழந்தைக்கும் குறைந்த தீங்காக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் இந்த இரண்டும் நேரெதிரான மோனோமர்களைக் கேட்கின்றன. ஆகையால் யாருடைய உடலைக் காக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்ட பிறகே மோனோமரைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

பாகுத்தன்மை போடும் முடிச்சு

பெரிய மூலக்கூறுகள் தோலுக்குள் எளிதில் நுழைவதில்லை. அப்படியானால் பெரிய மூலக்கூறுகளை மட்டுமே வைத்து மை செய்துவிடலாமே என்று தோன்றும். ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் ஆஃப்செட்டிலும் அது ஓரளவு நடக்கிறது. அங்கே மை தேன்போலவோ அதைவிடக் கெட்டியாகவோ இருக்கலாம். இங்க்ஜெட்டில் அப்படி முடியாது. சில பிகோலிட்டர் அளவுள்ள துளியை, மனித முடியைவிட மெல்லிய துளை வழியாக, நொடிக்குப் பல ஆயிரம் முறை எறிய வேண்டும். அதற்கு மையின் பாகுத்தன்மை, பிரிண்ட் ஹெட்டின் 40 முதல் 50 டிகிரி வெப்பத்தில், பெரும்பாலும் 8 முதல் 15 சென்டிபாய்ஸுக்குள் இருக்க வேண்டும். நீரின் பாகுத்தன்மை 1 சென்டிபாய்ஸ் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு குறுகிய வரம்பு என்பது விளங்கும். நிறமித் துகள்களும், ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்கும் ஒளித்துவக்கிகளும் பாகுத்தன்மையை ஏற்றுகின்றன என்பதால், கலவையின் அடித்தளமாக இருக்கும் மோனோமர் 15 சென்டிபாய்ஸுக்குக் கீழே இருந்தாக வேண்டும். மெல்லிய திரவம் என்றால் சிறிய மூலக்கூறு. சிறிய மூலக்கூறு என்றால் தோலையும் மெல்லிய கையுறையையும் எளிதில் ஊடுருவும். கீழே நான் ஒப்பிடும் எல்லாத் தெரிவுகளும் இந்த முடிச்சைச் சற்று வெவ்வேறு இடத்தில் தளர்த்தப் பார்க்கும் முயற்சிகள்தாம்.

பழைய கலவையில் இருப்பவை

வினைல் ஸ்டிக்கர், ஃபோம் போர்டு, அக்ரிலிக் தகடு ஆகியவற்றில் அச்சிடப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் கலவையில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: என்-வினைல் கேப்ரோலாக்டம், டெட்ராஹைட்ரோஃபர்ஃபுரில் அக்ரிலேட், ஐசோபோர்னைல் அக்ரிலேட். மூன்றும் ஒருமுனை மோனோமர்கள், அதாவது வினைபுரியும் இரட்டைப் பிணைப்பு ஒன்றே ஒன்று கொண்டவை. இவற்றிலிருந்து உருவாகும் படலம் வளையும், வெடிக்காது, பிவிசி மீது பசைபோல ஒட்டும். தொழில்நுட்ப அளவில் இவை மிக நல்ல மோனோமர்கள். அதனால்தான் கைவிடுவது கடினமாக இருக்கிறது.

வினைல் கேப்ரோலாக்டம் 35 டிகிரிக்கு அருகில்தான் உருகும். ஐரோப்பாவில் டிரம்மைச் சூடான அறையில் வைத்து உருக்கி எடுக்கிறார்கள். நம் ஊர்க் கோடையில் கிடங்கிலேயே பாதி உருகிக் கிடக்கும், மார்கழியில் மீண்டும் கல்லாகிவிடும். அதன் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பிரித்தால், ஆச்சரியக்குறி மட்டுமல்லாமல், மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவமும் சிவப்புச் சதுரத்துக்குள் இருக்கும். திரும்பத் திரும்பப் பட்டால் உள்ளுறுப்புகளுக்குச் சேதம் விளைவிக்கும் என்ற எச் 372 எச்சரிக்கையின் அடையாளம் அது. டெட்ராஹைட்ரோஃபர்ஃபுரில் அக்ரிலேட்டின் தாளிலும் அதே உருவம்தான். ஆனால் காரணம் வேறு. அங்கே இருப்பது எச் 360, கருவுறு திறனுக்கோ கருவிலிருக்கும் குழந்தைக்கோ தீங்கு விளைவிக்கலாம் என்ற எச்சரிக்கை. அச்சகத்தில் வேலை செய்யும் இளம் பெண்ணுக்கு இந்த மையைக் கையில் கொடுக்கிறோம் என்பதை நினைத்தால், அது எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. இதே வரிசையில் முன்பு மிகுதியாகப் பயன்பட்ட என்-வினைல் பைரோலிடோன், புற்றுநோய் விளைவிக்கலாம் என்ற சந்தேகப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. அதை இன்று புதிதாகத் தேர்ந்தெடுக்க எந்த நியாயமும் இல்லை.

ஐசோபோர்னைல் அக்ரிலேட்டின் கதை வேறு. அதில் நட்சத்திர உருவம் பொதுவாக இருப்பதில்லை. தோல் ஒவ்வாமையைத் தூண்டும் என்ற எச் 317 எச்சரிக்கைதான் முக்கியமாக இருக்கும். பல ஆண்டுகள் அதை எல்லோரும் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டார்கள். பிறகு, சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் உணரிகளாலும் இன்சுலின் பம்புகளாலும் தோல் வெந்து சிவந்தவர்களைத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அந்தக் கருவிகளின் பசையிலும் பாகங்களிலும் எஞ்சியிருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட்டே காரணம் என்று கண்டறிந்தார்கள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2020ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவித்தது. கெட்டிப்பட்ட பிறகும் மிகச் சிறிதளவு எஞ்சியிருந்தால் போதும், நாள்கணக்கில் தோலோடு ஒட்டியிருக்கும்போது அது உடலுக்குள் போய்விடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு இல்லை. தோலோடு தொடர்ந்து ஒட்டியிருக்கும் எந்தப் பொருளிலும் அச்சிடும் மைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதை நான் தாளில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் முன்பு வேலை செய்த ஓர் ஆய்வுக்கூடத்தில், மைகளை வடிகட்டும் பொறுப்பிலிருந்த தம்பி ஒருவர் மெல்லிய நைட்ரில் கையுறையை மாட்டிக்கொண்டு முற்பகல் முழுதும் அதே கையுறையோடு வேலை செய்வார். கையுறை போட்டிருக்கிறோமே என்ற நிம்மதி அவருக்கு. முதலில் விரல் இடுக்குகளில் அரிப்பு வந்தது, பிறகு நகத்தைச் சுற்றித் தோல் வெடித்தது, சில வாரங்களில் மணிக்கட்டு வரை கொப்புளம் பரவியது. அறையை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் கெட்டிப்படாத மை இருந்த தட்டை அடுத்த மேசையில் வைத்தாலே அவருக்கு இமை வீங்கியது. அக்ரிலேட் (பெரும்பாலான யுவி மோனோமர்களில் உள்ள வினைபுரியும் வேதித்தொகுதி) ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் இருக்கும். பல் மருத்துவர் அடைக்கும் பசை, நகத்துக்கு இடும் ஜெல் என்று தொடர்பில்லாத இடங்களிலும் அது அவரைத் துரத்தும். சிறு மோனோமர்கள் அந்த வகைக் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடக்கூடும் என்பதை அவருக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

மிஞ்சுவது எவ்வளவு: ஒரு கணக்கு

அச்சான பொருளைத் தொடுகிறவரின் பக்கம் பார்ப்போம். விளக்கின் கீழ் எல்லா இரட்டைப் பிணைப்புகளும் வினைபுரிந்துவிடுவதில்லை. படலம் கெட்டியாக ஆக மூலக்கூறுகளால் நகர முடியாமல் போகிறது. மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுக்கிறது. சதுர மீட்டருக்கு 10 கிராம் மை படிந்திருக்கிறது, அதில் 8 கிராம் மோனோமர், பிணைப்புகளில் 90 சதவீதம் வினைபுரிந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மோனோமர் ஒருமுனை கொண்டதென்றால், பத்தில் ஒரு பங்கு, அதாவது 800 மில்லிகிராம், எதனோடும் பிணையாமல் விடுதலையாகக் கிடக்கும். இருமுனை கொண்டதென்றால், இரண்டு முனைகளும் தப்பிப் பிழைத்த மூலக்கூறுகள் மட்டுமே விடுதலையாக இருக்கும். பத்தில் ஒன்றின் பத்தில் ஒன்று, ஆகவே நூறில் ஒன்று, 80 மில்லிகிராம். ஒரு முனையாவது வலையில் மாட்டிக்கொண்ட மூலக்கூறு எங்கும் போகாது.

அந்த 80 மில்லிகிராம் சிறிய அளவுதானே என்று தோன்றலாம். ஐரோப்பிய நடைமுறையில் ஒரு கிலோ உணவு 6 சதுர டெசிமீட்டர் பொட்டலத்தால் சூழப்பட்டிருக்கிறது என்று கொள்வது வழக்கம். அந்தக் கணக்குப்படி எல்லாம் உணவுக்குள் போய்விட்டால் கிலோவுக்கு 4.8 மில்லிகிராம் ஆகிறது. பாதுகாப்பு மதிப்பீடு செய்யப்படாத பொருள்களுக்குச் சுவிட்சர்லாந்தின் மை விதிகள் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஏறக்குறைய 480 மடங்கு மிகுதி. வினைபுரிந்த பிணைப்புகளின் பங்கை 99 சதவீதத்துக்கு உயர்த்தினால் இருமுனை மோனோமரில் அது 0.048 மில்லிகிராமாக இறங்குகிறது; ஒருமுனை மோனோமரிலோ அப்போதும் 4.8 மில்லிகிராம் இருக்கும். முழுப் பரப்பும் அச்சாகியிருக்கிறது, எஞ்சியவை அனைத்தும் பெயர்ந்துவிடுகின்றன, இரு முனைகளும் ஒன்றையொன்று சாராமல் வினைபுரிகின்றன என்றெல்லாம் எளிமைப்படுத்திய கணக்கு இது. நடப்பில் எண்கள் மாறும். ஆனால் திசை மாறாது. உணவுப் பொட்டலத்துக்கான மையில் ஒருமுனை மோனோமரை ஏன் கிட்டத்தட்ட முற்றிலுமாக விலக்குகிறார்கள் என்பதற்கு இந்த நான்கு வரிக் கணக்கே போதும்.

பொட்டலத்தின் வெளிப்பக்கத்தில்தானே அச்சிடுகிறோம் என்ற சமாதானமும் செல்லாது. 2005ஆம் ஆண்டு இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஒளித்துவக்கி ஒன்று கண்டறியப்பட்டுப் பெருமளவு பால் திரும்பப் பெறப்பட்டது. அட்டை ரீலாகச் சுற்றப்படும்போது வெளிப்பக்க அச்சு அடுத்த சுற்றின் உட்பக்கத்தைத் தொடுகிறது. அங்கே படிந்தது நேரே பாலுக்குள் போகிறது.

மாற்றுகள்

முதல் மாற்று, வினைல் கேப்ரோலாக்டத்தின் இடத்தில் வினைல் மெத்தில் ஆக்சசோலிடினோனை வைப்பது. வர்த்தகத்தில் விமாக்ஸ் என்று அழைக்கப்படும் இது அறை வெப்பத்திலேயே திரவம், பாகுத்தன்மை ஏறக்குறைய 4 சென்டிபாய்ஸ், மணம் குறைவு. பழைய கலவையில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கிட்டத்தட்ட அதே அளவில் வைத்தாலே ஒட்டும் தன்மை பெரிதும் காக்கப்படுகிறது என்பதால், அடையாள அட்டை, விளம்பரப் பலகை, வினைல் ஸ்டிக்கர் மைகளுக்கு இதுதான் மிகக் குறைந்த உழைப்பில் கிடைக்கும் முன்னேற்றம். பாட்டிலை உருக்கும் வேலை ஒழிகிறது. வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. இதுவும் ஒருமுனை மோனோமர். ஆகவே மேலே சொன்ன கணக்கு இதற்கும் முழுமையாகப் பொருந்தும், உணவுப் பொட்டலத்துக்கு இது விடையல்ல. இரண்டாவதாக, வினைல் அமைடு வகை மோனோமர்கள் அக்ரிலேட்டுகளோடு சேரும்போதுதான் விரைவாக வினைபுரிகின்றன. அக்ரிலேட்டைவிட மிகுதியாகச் சேர்த்தால் துணை கிடைக்காத மூலக்கூறுகள் படலத்தில் தேங்கும். "கேப்ரோலாக்டம் இல்லாதது" என்று அட்டையில் அச்சிட்ட மையை வாங்கும்போது, அதனிடத்தில் என்ன வந்தது என்று கேட்டுப் பெறுங்கள். டெட்ராஹைட்ரோஃபர்ஃபுரில் அக்ரிலேட்டின் அளவைக் கூட்டிவிட்டு இப்படி விளம்பரப்படுத்துவதற்கு வாய்ப்பு இருக்கிறது.

அக்ரிலாயில் மார்ஃபோலின் என்ற மோனோமரையும் இதே இடத்துக்குப் பலர் பரிந்துரைக்கிறார்கள். தோல் எரிச்சல் குறியீடு மிகக் குறைவு என்பது அதன் விற்பனைப் பேச்சு, அது உண்மையும்கூட. ஆனால் எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு, உள்ளுறுப்புச் சேதம் வேறு. அதே பொருளின் தாளில் கண்ணுக்குக் கடும் சேதம், தோல் ஒவ்வாமை, திரும்பத் திரும்பப் பட்டால் உறுப்புகளுக்குச் சேதம் ஆகிய எச்சரிக்கைகளும் இருக்கின்றன. ஒற்றை எண்ணைக் காட்டி ஒரு பொருளைப் பாதுகாப்பானது என்று சொல்பவரிடம் முழுத் தாளையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. டெட்ராஹைட்ரோஃபர்ஃபுரில் அக்ரிலேட்டின் இடத்துக்கு, ட்ரைமெத்திலால் புரொப்பேன் ஃபார்மல் அக்ரிலேட்டை நான் விரும்புகிறேன். பாகுத்தன்மை 12 முதல் 15 வரை சற்று மிகுதிதான், ஆனால் பிளாஸ்டிக்கின் மீது நன்றாக ஒட்டுகிறது, மணமும் தொல்லை தருவதில்லை.

இரண்டாவது மாற்று, இருமுனை அக்ரிலேட்டுகளுக்கு நகர்வது. இங்கே மூலக்கூற்றின் அளவைக் கவனிக்க வேண்டும். ஹெக்சேன்டையால் டைஅக்ரிலேட்டின் மூலக்கூறு எடை 226, பாகுத்தன்மை 6 முதல் 7. மெல்லியது, வேகமாகக் கெட்டிப்படும், விலையும் குறைவு. ஆனால் தோலைக் கடுமையாகத் தாக்கும் மோனோமர்களில் அதுவும் ஒன்று. டைபுரொப்பிலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட்டின் எடை 242, பாகுத்தன்மை 8 முதல் 10. இன்றைய இங்க்ஜெட் மைகளில் மிகப் பரவலாக இருப்பது இதுதான், கண்ணில் பட்டால் கடும் சேதம் என்ற எச்சரிக்கை மட்டும் மனதில் இருக்கட்டும். ட்ரைபுரொப்பிலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட் 300 எடையும் 12 முதல் 15 பாகுத்தன்மையும் கொண்டது. புரொப்பாக்சி சேர்த்த நியோபென்டைல் கிளைக்கால் டைஅக்ரிலேட்டின் எடை 328, பாகுத்தன்மை 15 அளவில். வரிசையில் கீழே போகப்போகத் தோல் எரிச்சல் குறைகிறது, பாகுத்தன்மை ஏறுகிறது. கடைசியில் இருப்பதையே முழு அடித்தளமாக வைத்தால் பிரிண்ட் ஹெட் திணறும். மெல்லிய மோனோமர் ஒன்று துணைக்கு வேண்டும்.

ஒவ்வாமைத் தன்மை இந்த வரிசை முழுவதிலும் நீடிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்ரிலேட் என்ற வேதித்தொகுதி இருக்கும் வரை எச் 317 இருக்கும். குறைவது எரிச்சலும் ஊடுருவும் வேகமும்தான், முற்றிலும் நீங்குவதில்லை. வாங்கும் தரத்திலும் கவனம் தேவை. மலிவான தரத்தில், ஒரு முனை மட்டும் அக்ரிலேட் ஆகி மறுமுனை ஆல்ககாலாகவே நின்றுவிட்ட மூலக்கூறுகள் கலந்திருக்கும். அவை சிறியவை, தோலை எளிதில் கடப்பவை, படலத்திலும் ஒருமுனை மோனோமர் போலவே நடந்துகொள்பவை. தூய்மைப் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குவது விலையைச் சற்று ஏற்றும். அந்தச் செலவு நியாயமானது.

மும்முனை மோனோமர்களைப் பற்றி இரண்டு வரி போதும். ட்ரைமெத்திலால் புரொப்பேன் ட்ரைஅக்ரிலேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ள 2பி பிரிவில் வைத்திருக்கிறது. எத்தாக்சி சேர்த்த அதன் பெரிய வடிவம் 60 சென்டிபாய்ஸ் அளவில் இருப்பதால், கெட்டித்தன்மைக்காகச் சிறிதளவு சேர்க்கலாமே தவிர அடித்தளமாக்க முடியாது.

மூன்றாவது மாற்றுதான் என்னை மிகவும் கவர்ந்தது: வினைலாக்சி எத்தாக்சி எத்தில் அக்ரிலேட். ஒரு முனையில் அக்ரிலேட், மறுமுனையில் வினைல் ஈத்தர். பாகுத்தன்மை 4 சென்டிபாய்ஸுக்கும் கீழே. இருமுனை மோனோமர் ஒன்று இவ்வளவு மெல்லியதாக இருப்பது அரிது. அக்ரிலேட் முனை வேகமாக வலையில் மாட்டிக்கொள்கிறது. வினைல் ஈத்தர் முனை மெதுவாக வினைபுரிந்தாலும், மூலக்கூறு ஏற்கெனவே பிணைக்கப்பட்டுவிட்டதால் வெளியேற வழியில்லை. மேலே சொன்ன கனமான புரொப்பாக்சி டைஅக்ரிலேட்டுகளுக்குத் துணையாக வேண்டிய மெல்லிய மோனோமர் இதுதான். பெயர்வு (எஞ்சியவை உணவுக்குள் நகர்வது) குறைந்த மைகளைப் பற்றிய காப்புரிமைகளில் இந்த மூலக்கூறு அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வேறு. இதன் மூலக்கூறு எடை 186 மட்டுமே. சிறியது, மெல்லியது, ஒவ்வாமை எச்சரிக்கை கொண்டது. உணவு உண்பவருக்கு மிக நல்லதாக இருக்கும் இந்த மோனோமர், அதைக் கலப்பவரின் கையில் பட்டால் கனமான டைஅக்ரிலேட்டைவிட எளிதாக உள்ளே போகலாம். அதனால் இதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மூடிய கலப்புத் தொட்டியும், தடித்த கையுறையும், பட்டவுடன் கையுறையைக் கழற்றி எறியும் பழக்கமும் விலையோடு சேர்ந்தே வர வேண்டும். இதைக் கிடங்கில் வைப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அமிலத்தின் சுவடு பட்டாலே வினைல் ஈத்தர் முனைகள் தாமாகவே ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்து பலபடி (பாலிமர்) ஆகத் தொடங்கும். ஈரமும் சேர்ந்தால் உடைந்து அசெட்டால்டிஹைடு வெளியாகும். அமிலத் தன்மையுள்ள நிறமியையோ சிதறல் துணைப்பொருளையோ இதோடு சேர்த்தவர்கள், சில வாரங்களில் பாட்டில் கெட்டியாகிப்போனதைப் பார்த்திருப்பார்கள்.

அக்ரிலேட்டே இல்லாத ட்ரைஎத்திலீன் கிளைக்கால் டைவினைல் ஈத்தரும் கிடைக்கிறது. பாகுத்தன்மை 3 சென்டிபாய்ஸுக்கும் கீழே. அக்ரிலேட்டுகள் கெட்டிப்படும் ரேடிக்கல் வழியில் அது தனியாக ஒழுங்காகப் பலபடியாவதில்லை. சிறிதளவில் மெலிப்பானாகச் சேர்க்கலாம். மிகுதியானால் படலத்தில் எண்ணெய் போல மிஞ்சும்.

நான்காவது மாற்று, அக்ரிலேட்டை முற்றிலும் விட்டுவிட்டு, ஒளியால் அமிலம் உருவாகி அதனால் கெட்டிப்படும் நேரயனி முறைக்குப் போவது. வளைய எப்பாக்சியும் ஆக்சிடேனும் இங்கே மோனோமர்கள். ஆக்சிஜன் இந்த வினையைத் தடுப்பதில்லை, படலம் சுருங்குவது குறைவு, விளக்கை அணைத்த பிறகும் வினை மணிக்கணக்கில் தொடர்ந்து எஞ்சியதைக் குறைக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இதுவே சிறந்த விடை. சிக்கல் ஈரப்பதத்தில் இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வினை மந்தமாகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தாத அறையில் இந்த மையை நம்பி வேலை எடுப்பது கடினம். எங்கிருந்தோ பிரதிபலித்துத் துளையின் வாயில் பட்ட ஒளிகூட பிரிண்ட் ஹெட்டுக்குள் வினையைத் தொடங்கிவைத்துவிடும். பிறகு அது நிற்காது. பழைய வகை ஒளி அமிலத் துவக்கிகள் சில உடையும்போது பென்சீனை வெளியிடுகின்றன என்பதால், நச்சைக் குறைக்கப் போய் வேறு நச்சை வாங்கிவரும் ஆபத்தும் உண்டு. இதைச் சிறப்புத் தேவைகளுக்கான தெரிவாக மட்டுமே கருதுகிறேன்.

ஐந்தாவது, நீரில் சிதறிய யுவி மை. பாலியூரித்தேன் அக்ரிலேட்டின் பெரிய மூலக்கூறுகள் துகள்களாக நீரில் மிதக்கின்றன. நீரே மெலிப்பான் என்பதால் சிறு மோனோமர் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. இந்த ஒப்பீட்டில் தொழிலாளியையும் உண்பவரையும் ஒருங்கே காக்கும் தெரிவு ஒன்று உண்டென்றால் அது இதுதான். மேலே சொன்ன பாகுத்தன்மை முடிச்சை வேரிலேயே அவிழ்ப்பதும் இது ஒன்றே. அதற்கு ஈடாக, விளக்கின் கீழ் போவதற்கு முன் நீரை ஆவியாக்கச் சூடு வேண்டும், இயந்திரம் நீளும், மின்சாரம் கூடும், துளைகளில் மை காய்ந்து அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சாதாரண யுவி இயந்திரத்தில் இதை ஊற்றி ஓட்ட முடியாது. புதிய இயந்திரம் வாங்கப்போகிறவர் கட்டாயம் விலை கேட்டுப் பார்க்க வேண்டிய வழி இது.

துவக்கியை மறந்துவிட்டு மோனோமரை மாற்றாதீர்கள்

மோனோமரை மாற்றிவிட்டுப் பழைய ஒளித்துவக்கியை அப்படியே வைத்திருந்தால் உழைப்பு பாதி வீண். எல்இடி விளக்கோடு பயன்படும் டிபிஓ என்ற துவக்கியை 2023 ஜூனில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்ற காரணத்தால் 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே நகப்பூச்சு உள்ளிட்ட அழகுப் பொருள்களில் அதற்குத் தடை. பெயர்வு குறைய வேண்டிய மையில், பெரிய மூலக்கூறுகளான பலபடித் துவக்கிகளைப் பயன்படுத்த வேண்டும். அவை மையின் பாகுத்தன்மையை மேலும் ஏற்றும் என்பதால் மெல்லிய மோனோமருக்கான தேவை மீண்டும் கூடுகிறது. வினைலாக்சி அக்ரிலேட்டின் மதிப்பு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

என் தேர்வு

விளம்பரப் பலகை, வினைல், அக்ரிலிக் தகடு அச்சிடும் கூடத்துக்கு நான் சொல்வது: விமாக்ஸ், ட்ரைமெத்திலால் புரொப்பேன் ஃபார்மல் அக்ரிலேட், சிறிதளவு டைபுரொப்பிலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட். இங்கே காக்க வேண்டிய உடல், மை பாட்டிலை மாற்றி இயந்திரத்தை இயக்குபவருடையது. முதலில் வெளியேற வேண்டியது டெட்ராஹைட்ரோஃபர்ஃபுரில் அக்ரிலேட், அடுத்தது வினைல் கேப்ரோலாக்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாவிட்டால் இந்த வரிசையிலேயே மாற்றுங்கள். மணிக்கட்டுப் பட்டை, கைக்கடிகாரப் பின்புறம், மருத்துவக் கருவியின் உறை போல உடலோடு ஒட்டியிருக்கும் பொருள்களில் அச்சிடுகிறவர்கள் ஐசோபோர்னைல் அக்ரிலேட்டையும் நீக்கிவிட வேண்டும்.

லேபிள், மடிப்பு அட்டை, உணவைச் சுற்றியுள்ள இரண்டாம் நிலைப் பொட்டலம் ஆகியவற்றுக்கு: புரொப்பாக்சி நியோபென்டைல் கிளைக்கால் டைஅக்ரிலேட்டோடு வினைலாக்சி எத்தாக்சி எத்தில் அக்ரிலேட், பலபடித் துவக்கி, முடிந்தால் ஆக்சிஜனை விலக்க விளக்கின் கீழ் நைட்ரஜன் திரை. ஒருமுனை மோனோமர் எதுவும் வேண்டாம். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிமுறைகள், அச்சு மை ஐஎஸ் 15495 தரத்துக்கு உட்பட வேண்டும் என்கின்றன. அச்சு உணவை நேரே தொடக் கூடாது என்பதும் அடிப்படை விதி. படலத்துக்கும் உணவுக்கும் இடையே அலுமினியத் தகடோ கண்ணாடியோ இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் பையானால், சாதாரண யுவி மையை எந்த மோனோமரோடும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நீர் சார்ந்த மைக்கே போக வேண்டும்.

மாறும்போது முதல் தொகுதியை அரை லிட்டர் அளவில் மட்டும் கலந்து பாருங்கள். மோனோமர்கள் தாமாகக் கெட்டிப்படாமலிருக்கச் சேர்க்கப்படும் தடுப்பான் வேலை செய்ய, அவற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தேவை. ஆகவே பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு, 35 டிகிரிக்குக் கீழே, நேர் வெயில் படாமல் வைக்க வேண்டும். 60 டிகிரி அடுப்பில் இரண்டு வாரம் வைத்து எடுத்துப் பாகுத்தன்மையை அளந்தால், கலவை நிலைக்குமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். அச்சிட்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எடை ஏற்றி, 40 டிகிரியில் 10 நாள் வைத்துவிட்டு, அடுத்த தாளின் உட்பக்கத்தை 95 சதவீத எத்தனாலால் கழுவி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். அந்தச் சோதனைக்கு, புதிய விளக்கில் அச்சிட்ட தாளை அனுப்பாதீர்கள். கூடத்தில் இருப்பதிலேயே மிகப் பழைய விளக்கில், வாடிக்கையாளர் கேட்கும் மிக வேகமான ஓட்டத்தில், கறுப்பு மை முழுப் பரப்பும் படிந்த தாளையே அனுப்ப வேண்டும். கறுப்பு நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால் அடிப்பகுதி கெட்டிப்படாமல் நிற்பது அங்கேதான்.